வெளிநாட்டுப் பயணத்தில் வாங்கிய கிளைடர்: பதிவும் காப்பீடும், சேலத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கோடை விடுமுறைக்கு ஜெர்மனிக்கோ இங்கிலாந்துக்கோ போகிறோம். அங்கே ஒரு கிளப்பில் பறக்கிறோம். திரும்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது யாரோ தன் எல்.எஸ்.4 என்ற ஒற்றை இருக்கைக் கிளைடரை டிரெய்லரோடு விற்கப் போவதாகக் காதில் விழுகிறது. விலையும் நம்ம ஊரில் ஒரு நல்ல கார் வாங்கும் விலைதான். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும்: இந்தக் கிளைடர் எந்த நாட்டுப் பதிவேட்டில் இருக்கப் போகிறது? காப்பீடு, வரி, பராமரிப்பு, கப்பல் என்று பின்னால் வருவதெல்லாம் இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். இங்கே கிளைடர் என்று சொல்வது காக்பிட்டும் இறக்கையும் உள்ள விமானத்தை. முதுகில் மாட்டிக்கொண்டு ஓடும் பாராகிளைடருக்கு இந்த விதிகள் பொருந்தாது.

யார் எங்கே பதிய முடியும்

1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, 18-ஆவது பிரிவு: ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவில் இருக்கக் கூடாது. ஆகவே "இப்போதைக்கு அங்கேயும் இருக்கட்டும், இங்கேயும் பதிந்துகொள்ளலாம்" என்ற வழியே கிடையாது.

அமெரிக்காவில் 'N' எழுத்தில் தொடங்கும் பதிவு அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். சுற்றுலா விசாவில் போன இந்தியர் தன் பெயரில் பதிய முடியாது. டிரஸ்ட் வைத்துப் பதியும் வழி உண்டு, ஆனால் அதற்கு வருடா வருடம் ஆகும் செலவு சிறிய கிளைடருக்குக் கட்டுப்படியாகாது. ஜெர்மனியில் எல்.பி.ஏ. என்ற விமானத் துறை அலுவலகத்தின் பதிவேட்டில் உரிமையாளராக வர ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும்.

இங்கிலாந்து நமக்கு வேறு மாதிரி. அங்கே 2016-இன் ஏர் நேவிகேஷன் ஆர்டர்படி பதிவு செய்யத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களும் இருக்கிறார்கள். இந்தியக் குடிமகன் தன் சொந்தப் பெயரிலேயே 'G' எழுத்தில் தொடங்கும் பதிவு வாங்க முடியும். சி.ஏ.1 படிவம், கட்டணம், விற்பனைப் பத்திரம் இவ்வளவுதான் அடிப்படை. ஏற்கெனவே ஜி பதிவில் உள்ள கிளைடரை வாங்கினால் உரிமை மாறியதை 28 நாளுக்குள் சி.ஏ.ஏ. என்ற அந்நாட்டு விமானத் துறை ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பறந்துவிட்டு வருபவருக்கு இதைத்தான் பரிந்துரைப்போம்: இங்கிலாந்துக்குள்ளேயே வாங்குங்கள், அங்கேயே பதியுங்கள், அங்கேயே ஒரு கிளப்பில் நிறுத்துங்கள். ஜெர்மனியில் வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் இப்போது அது இறக்குமதி. எல்லையில் 20 சதவீத வாட் கேட்பார்கள்.

பத்திரத்தில் பெயர்: இனிஷியல் சிக்கல்

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் காகித வேலையில் நம்மவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். ஆதாரில் "எஸ். முருகன்", பாஸ்போர்ட்டில் "முருகன் செல்வராஜ்", பேங்க் கணக்கில் "முருகன் எஸ்" என்று இருக்கும். வெளிநாட்டுப் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இவை மூன்றும் மூன்று ஆட்கள். விற்பனைப் பத்திரம், பதிவு விண்ணப்பம், காப்பீட்டுச் சான்று, பணம் அனுப்பிய ரசீது நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலோடு பெயர் இருக்கட்டும். முகவரியும் அப்படியே. அஸ்தம்பட்டி வீட்டு முகவரியை ஒரு தாளில் பழைய கதவு எண்ணோடும் இன்னொன்றில் புதிய எண்ணோடும் எழுதாதீர்கள்.

சேலத்தில் எழுதிக்கொடுக்கும் பத்திரம் எதுவும் வெளிநாட்டில் செல்ல வேண்டுமானால் நோட்டரி கையெழுத்து மட்டும் போதாது. மாநில அரசின் சான்றும் அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டும். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி அங்குள்ள நண்பரிடம் வேலையை ஒப்படைக்க நினைப்பவர்கள் கிளம்பும் முன்பே இதை முடித்துக்கொள்வது நல்லது.

வாங்கும் அன்று பார்க்க வேண்டியவை

முதலில் கடன். கிளைடர் மேல் அடமானம் இருந்தால் அது உங்களோடு சேர்ந்தே வரும். ஜெர்மனியில் விமான அடமானப் பதிவேடு பிரவுன்ஷ்வைக் நகர நீதிமன்றத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் சி.ஏ.ஏ. தனியாக ஒன்று வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஓக்லஹோமா சிட்டி அலுவலகத்தில் உரிமை வரலாறு முழுவதும் எடுக்கலாம். கட்டணம் குறைவு, இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அடுத்தது எண்கள். காக்பிட்டுக்குள் பதித்த தகட்டில் உள்ள வரிசை எண்ணைப் பாருங்கள். அதே எண் இரண்டு இறக்கைகளின் வேர்ப்பகுதியிலும் வால் இறக்கையிலும் இருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு வேறு கிளைடரின் இறக்கையை மாட்டியிருந்தால் எண் மாறும். அதில் தப்பில்லை, ஆனால் பராமரிப்புப் பதிவேட்டில் அதற்கான குறிப்பும் கையெழுத்தும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் நஷ்டஈடு கேட்கும்போது "நாங்கள் காப்பீடு கொடுத்தது இந்த இறக்கைக்கு இல்லை" என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும்.

மூன்றாவது, பறக்கும் தகுதி ஆய்வுச் சான்று, அதாவது ஏ.ஆர்.சி. காலாவதித் தேதியைப் பாருங்கள். இன்னும் இரண்டு வாரம்தான் செல்லும் என்றால் புதுப்பித்துக் கொடுக்கும் பொறுப்பு விற்பவருடையது என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். ஏ.ஆர்.சி. செத்துப்போன கிளைடர் பறந்து சேதமானால் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் தரப்புக் காப்பீடு: எடைக் கணக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தில் 785/2004 என்ற ஒழுங்குமுறைதான் குறைந்தபட்சத் தொகையைத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தும் அதே எண்களை வைத்திருக்கிறது. தொகை எஸ்.டி.ஆர். என்ற ஐ.எம்.எஃப். கணக்கில் இருக்கும்.

500 கிலோவுக்குக் கீழே: 7,50,000 எஸ்.டி.ஆர். சுமாராக 10 லட்சம் டாலர்.
500 கிலோ முதல் 1,000 கிலோவுக்குள்: 15 லட்சம் எஸ்.டி.ஆர்.
பயணி இருக்கை உள்ள, வாடகைக்கு ஓட்டாத கிளைடர்: ஒரு பயணிக்குக் குறைந்தது 1,00,000 எஸ்.டி.ஆர். தனியாக.

இந்த எடை நீங்கள் உட்கார்ந்து பறக்கும் எடை இல்லை. டைப் சர்டிபிகேட்டில், அதாவது அந்த மாடலுக்கான அரசு ஒப்புதல் சான்றில், அனுமதித்த உச்ச எடை. ஸ்டாண்டர்ட் சிரஸ் 390 கிலோ, முதல் வரிசையில் அடங்கிவிடும். எல்.எஸ்.4-இன் முதல் வகை 472 கிலோ, அதுவும் அடங்கும். ஆனால் எல்.எஸ்.4-ஏ 525 கிலோ. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எடை கூட்ட இறக்கையில் நிரப்பும் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லாமல் 380 கிலோவில் பறந்தாலும் அது இரண்டாவது வரிசைக்காரர். இரட்டை இருக்கை ஏ.எஸ்.கே.21-க்கு 600 கிலோ. விற்பவரின் பழைய பாலிசியைப் பார்த்து அதே தொகைக்கு எடுத்துவிடாதீர்கள், தகட்டையும் கையேட்டையும் பார்த்து எடுங்கள்.

அமெரிக்காவில் தனியார் கிளைடருக்கு மத்திய அரசு அளவில் கட்டாயக் காப்பீடு இல்லை. ஆனால் காப்பீட்டுச் சான்று இல்லாமல் உள்ளே விடும் கிளப் அநேகமாகக் கிடைக்காது.

ஹல் காப்பீடு

உங்கள் கிளைடருக்கே ஆகும் சேதத்துக்கானது இது. கட்டாயம் இல்லை. ஆனால் 8,000 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் இதை எடுக்காமல் இருக்கக் கூடாது. பாலிசி வாங்கும்போது கேட்க வேண்டியவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தொகை "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்ற அடிப்படையில் இருக்கட்டும். சந்தை மதிப்பு என்றிருந்தால் முழுச் சேதம் வந்த பிறகு பேரம் ஆரம்பமாகும். வேரியோமீட்டர் (ஏறும், இறங்கும் வேகம் காட்டும் கருவி), ஃபிளார்ம் (மோதல் எச்சரிக்கைக் கருவி), ரேடியோ, பாராசூட், டிரெய்லர் இவை மதிப்புக்குள் அடங்குமா என்று பட்டியலோடு எழுதி வாங்குங்கள்.

மூட்டும்போதும் பிரிக்கும்போதும் ஏற்படும் சேதம் அடங்குமா என்பது அடுத்த கேள்வி. இறக்கையைத் தூக்கிப் பிடித்திருப்பவர் ஒரு நொடி கையைத் தளர்த்தினால் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் முனை கீழே இடித்து, ஜெல்கோட் என்ற மேற்பூச்சு பெயரும். வானத்தில் நடப்பதைவிடத் தரையில் கையால் நடக்கும் சேதம்தான் கிளப்புகளில் அன்றாடம்.

யார் ஓட்டலாம் என்பதில் நீங்கள் மட்டுமா, கிளப்பில் தகுதியுள்ள எவருமா என்று தெளிவு வேண்டும். நீங்கள் சேலத்தில் இருக்கும் பதினோரு மாதமும் நண்பர் ஓட்டுவார் என்றால் அவர் பெயர் பாலிசியில் இருக்க வேண்டும். உங்கள் உரிமமும் மருத்துவச் சான்றும் அந்தப் பதிவு நாட்டில் செல்லுபடியாகிறதா, விமானம் இழுத்துக் கிளப்பும் ஏரோடோவுக்கு மட்டும் பயிற்சி உள்ளவர், தரையிலிருந்து கம்பியால் இழுத்துக் கிளப்பும் வின்ச்சில் ஏறினால் பாலிசி நிற்குமா என்றும் கேளுங்கள்.

பறக்காத மாதங்களுக்குத் தரை அபாயம் மட்டும் என்று குறைத்துக்கொள்ளும் வசதியைப் பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. வருடத்தில் மூன்று வாரம் பறப்பவருக்கு இது நல்ல மிச்சம். ஆனால் திரும்பப் பறக்கும் முன் அவர்களுக்குத் தகவல் சொல்லி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். விமான நிலையத்தில் இறங்கி நேராக ஏர்ஃபீல்டுக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பணம் கொடுக்கும் நேரத்துக்கு முன்பே கவர் நோட், அதாவது தற்காலிகக் காப்பீட்டுச் சான்று, உங்கள் மின்னஞ்சலில் வந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட நொடியிலிருந்து அபாயம் உங்களுடையது, விற்பவரின் பாலிசி உங்களைக் காக்காது. கவர் நோட்டில் பதிவு எண், வரிசை எண், உச்ச எடை, எஸ்.டி.ஆர். தொகை, தொடங்கும் மணி இந்த ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லரை வாடகைக் காரில் கட்டி இழுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் இழுவைக்கு அனுமதிப்பதில்லை, மீறினால் கார் காப்பீடும் போய்விடும்.

பணம் அனுப்புவதும் வருமான வரியும்

அங்கேயே வைத்திருக்கப் போகும் கிளைடருக்கு எல்.ஆர்.எஸ். என்ற ரிசர்வ் வங்கித் திட்டத்தின் வழியில் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் பகுதிக்கு பேங்க் 20 சதவீதம் டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரி பிடிக்கும். வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை கையில் பணம் முடங்கும், அதைக் கணக்கில் வையுங்கள். இந்தியாவுக்குக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் பணம் அனுப்பும்போதே இறக்குமதி என்று சொல்ல வேண்டும், பிறகு பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்க இறக்குமதித் தாளை பேங்க்குக்குக் காட்ட வேண்டும். நோக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்துவது பெரிய தலைவலி. வெளிநாட்டு பாலிசிக்கு வருடாவருடம் பிரீமியம் அனுப்புவதற்கும் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தனி விதி இருப்பதால் அதையும் முதலிலேயே பேங்க்கில் எழுதிக் கேளுங்கள்.

வெளிநாட்டில் உள்ள சொத்துகளை ரிட்டர்னின் எஃப்.ஏ. அட்டவணையில் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-இன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். கிளைடரைப் பற்றி ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லி அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுவருவது என்றால்

இது நீண்ட பாதை. வரிசை தப்பினால் கிளைடர் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்குள் கிடக்க, நாள் கணக்கில் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும்.

முதல் படி டி.ஜி.சி.ஏ., அதாவது இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒன்று, அந்த மாடலின் டைப் சர்டிபிகேட் இந்தியாவில் ஏற்கப்பட்டிருக்கிறதா? இரண்டு, அந்த வயதுள்ள கிளைடரை இறக்குமதி செய்ய அனுமதிப்பார்களா? சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 1970, 80-களில் செய்தவை. பழைய விமானங்களின் வயதை டி.ஜி.சி.ஏ. கறாராகப் பார்க்கும். ஏற்கெனவே வி.டி. என்ற இந்தியப் பதிவில் பறந்துகொண்டிருக்கும் மாடலைத் தேர்ந்தெடுத்தால் முதல் கேள்வி சுலபமாகும்.

அனுமதி கைக்கு வந்த பிறகு விற்பவர் நாட்டில் ஏற்றுமதிக்கான தகுதிச் சான்றும், பதிவு நீக்கச் சான்றும். பதிவை நீக்கிய தகவல் அந்த நாட்டு அலுவலகத்திலிருந்து நேராக டி.ஜி.சி.ஏ.-வுக்குப் போகச் சொல்லுங்கள், நாம் கொண்டுபோகும் நகலைவிட அதற்குத்தான் மதிப்பு. பதிவு நீங்கியதும் பழைய பறக்கும் பாலிசியும் முடிந்துவிடும். அன்றிலிருந்து சேலம் வந்து சேரும்வரை மரைன் கார்கோ பாலிசி என்ற சரக்குக் காப்பீடுதான் துணை. இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் (ஏ) வகையில், சரக்கு, கப்பல், காப்பீட்டுச் செலவு சேர்ந்த மதிப்பின் 110 சதவீதத்துக்கு எடுப்பது வழக்கம். துறைமுகம் வரை மட்டும் என்று எழுதாமல், கடைசிக் கிடங்கு வரை என்று எழுத வையுங்கள்.

15 மீட்டர் கிளைடரின் டிரெய்லர் 8 முதல் 9 மீட்டர் நீளம். 40 அடிக் கன்டெய்னரின் உள் நீளம் 12 மீட்டர். ஆகவே டிரெய்லரோடு அப்படியே உள்ளே போகும். சக்கரத்துக்கு அடை வைத்து, அச்சிலும் இழுவைக் கம்பியிலும் பட்டை போட்டு இறுக்க வேண்டும். டிரெய்லரின் ஃபைபர் உடம்பில் பட்டை போடக் கூடாது. மர அடைகளில் பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம்.15 முத்திரை இருக்கட்டும், இல்லையென்றால் துறைமுகத்தில் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு நிறுத்தும். லித்தியம் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரை அங்கேயே விற்றுவிடுங்கள், அதை இறக்குமதி செய்ய நாக்பூரிலுள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவியை மறந்தும் கொண்டுவராதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைத்திருந்து இந்திய விமான நிலையங்களில் கைதானவர்கள் உண்டு.

கப்பல் ஏப்ரல், மே மாதத்தில் சென்னை வராதபடி பாருங்கள். கண்ணாடி இழைக் கிளைடர்களின் வலிமையைப் பொதுவாக 54 டிகிரி செல்சியஸ் வரைதான் சோதித்திருப்பார்கள், வெள்ளைப் பெயின்ட் அடிப்பதும் அந்தச் சூட்டுக் கணக்கால்தான். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் அந்த எல்லை சுலபமாகத் தாண்டும். வெப்பத்தால் ஜெல்கோட்டில் வரும் மயிரிழை விரிசலைப் பொருளின் இயல்புக் குறை என்று சொல்லிக் கார்கோ பாலிசி கைவிடும்.

கஸ்டம்ஸில் இன்ஜின் இல்லாத கிளைடர் 8801 தலைப்பில் வரும். தானே கிளம்பும் மோட்டார் கிளைடர் 8802-க்குப் போய்விடும், வரியும் அனுமதியும் அதற்கேற்ப மாறும். லக்கேஜ் என்று கொண்டுவர வழியில்லை. பழைய பொருள் என்பதால் மதிப்புக்குச் சார்ட்டர்ட் இன்ஜினியர் சான்று கேட்க வாய்ப்பு அதிகம். டிரெய்லர் தனிப் பொருள், தனி வரி. மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் வாகனம்தான், ரோட்டில் ஓட ஆர்.டி.ஓ. பதிவு வேண்டும். பதிவு ஆகும்வரை சென்னையிலிருந்து சேலத்துக்கு லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

பில் ஆஃப் என்ட்ரி கைக்கு வந்ததும் டி.ஜி.சி.ஏ.-வின் ஈ.ஜி.சி.ஏ. இணையதளத்தில் பதிவு விண்ணப்பம், படிவம் சி.ஏ.28. விற்பனைப் பத்திரம், பதிவு நீக்கச் சான்று, கஸ்டம்ஸ் தாள்கள், இறக்குமதி அனுமதி எல்லாம் சேர்க்க வேண்டும். வி.டி. எழுத்துகள் கிடைத்ததும் பக்கவாட்டில் குறைந்தது 30 சென்டிமீட்டர், இறக்கையின் அடியில் 50 சென்டிமீட்டர் உயரமுள்ள எழுத்தில் எழுத வேண்டும். தீயில் உருகாத உலோகத் தகட்டில் பதிவு எண்ணைப் பொறித்துக் காக்பிட்டில் பதிக்க வேண்டும். ரேடியோவுக்கு டபிள்யூ.பி.சி. என்ற மத்திய அலைவரிசை அலுவலகத்தின் உரிமம் தனி. 406 மெகாஹெர்ட்ஸ் ஈ.எல்.டி. என்ற அபாய அறிவிப்புக் கருவி இருந்தால் அதன் நாட்டுக் குறியீட்டை இந்தியாவுக்கான 419-க்கு மாற்றி, பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் மையத்தில் பதிய வேண்டும். மாற்றாவிட்டால் ஏலகிரிப் பக்கம் விழுந்து கிடக்கும்போது உரிமையாளர் விவரத்தை ஜெர்மனியில் தேட வேண்டியிருக்கும்.

இந்திய பாலிசியும் சேலத்து நிலைமையும்

இன்சூரன்ஸ் சட்டம் 2சிபி பிரிவுப்படி இந்தியாவில் பதிந்த விமானத்துக்கு வெளிநாட்டு நிறுவனத்தில் பாலிசி எடுக்க ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். ஆகவே பழைய ஐரோப்பிய பாலிசியையே தொடர முடியாது. விமானக் காப்பீடு செய்யும் இந்திய நிறுவனங்களில் கிளைடரைக் கேட்டால் முதல் கேள்வியே "எந்த ஏரோட்ரோமில் நிற்கும்? யார் பராமரிப்பார்?" என்பதுதான்.

இங்கேதான் சேலத்துக்காரர் நிதானிக்க வேண்டும். ஓமலூர் அருகே காமலாபுரத்திலுள்ள நம் விமான நிலையத்தில் பயணிகள் விமானங்கள் வந்து போகின்றன. அங்கே வின்ச் போட்டுக் கிளைடர் கிளப்ப விமான நிலைய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், இழுக்கும் விமானமும் இங்கே இல்லை. சேர்வராயன் மலைச் சரிவில் காற்று நன்றாக ஏறினாலும் ஏற்காட்டில் காபித் தோட்டமும் சில்வர் ஓக் மரமும்தான், அவசரத்துக்கு இறங்க ஒரு வயல் கிடையாது. அனுமதி பெற்ற தளம் இல்லாமல் பறக்கும் அபாயத்துக்கு பாலிசி கிடைப்பது கடினம், தரை அபாயத்துக்கு மட்டும் கொடுப்பார்கள். புனே ஹடப்சர் போல ஏற்கெனவே கிளைடர் பறந்த தளத்தில் நிறுத்த எழுத்துப்பூர்வ ஒப்புதல் முதலில் வாங்கிவிட்டு, அந்த முகவரியோடு பாலிசி கேட்பதே நடக்கிற காரியம்.

கொஞ்ச நாள் சேலத்தில் வைக்க வேண்டியிருந்தால் ஏற்காட்டு எஸ்டேட் குடோனில் வைக்க நினைக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் காரும் டிரெய்லருமாக 13 மீட்டர் திரும்பாது, மேலே பனிமூட்டத்தின் ஈரமும் ஜெல்கோட்டுக்கு ஆகாது. கீழே ஓமலூர் பக்கம் 10 மீட்டருக்கு 3 மீட்டர் இடம் உள்ள, காங்கிரீட் கூரை போட்ட ஷெட்டாகப் பாருங்கள். தகரக் கூரை வேண்டாம், வெயில் காலத்தில் அதுவும் கன்டெய்னர் மாதிரிதான். அந்த ஷெட்டின் முகவரியும் பூட்டு விவரமும் தரை அபாய பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும், கிளைடரை வேறு இடத்துக்கு மாற்றும் முன் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போக வேண்டும்.